பச்சை மாத்திரையா, முருங்கைக்கீரையா? ஒரு கடலூர்க் கணக்கு

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி மாத்திரைப் புட்டியை வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் படிக்கிறார்கள். கணக்கு பின்பக்கத்தில் இருக்கிறது. மஞ்சக்குப்பத்திலானாலும் புதுச்சேரி நேரு வீதியிலானாலும் மருந்துக்கடையில் பரவலாகக் கிடைப்பது 500 மில்லிகிராம் மாத்திரை 60 அடங்கிய புட்டி. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 30 கிராம் பொடி. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் '60 சதவீதம் புரதம்' என்பது பொய் இல்லை. ஆனால் 30 கிராமில் 60 சதவீதம் என்றால் 18 கிராம்தான். மூன்று முட்டையில் அதைவிடச் சற்று அதிகமாகவே புரதம் இருக்கிறது.

இரும்புச்சத்தையும் இதேபோல் பார்த்துவிடலாம். உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் ஏறத்தாழ 28 மில்லிகிராம் இரும்பு. அப்படியானால் புட்டி முழுவதிலும் எட்டரை மில்லிகிராம். வளர்ந்த பெண் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவு. புட்டியை ஒரே நாளில் காலி செய்தாலும் மூன்றில் ஒரு பங்கு தேறாது.

பாசியைப் பழிப்பது என் நோக்கமில்லை. எடைக்கு எடை நிறுத்திப் பார்த்தால் அது உண்மையிலேயே சத்து செறிந்த பொருள். ஆனால் எடைக்கு எடை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு நாளைக்கு இரண்டு கிராம், மிஞ்சினால் மூன்று கிராம். அந்த மூன்று கிராமை எதனோடு ஒப்பிடுகிறோம், எந்தக் குறையைத் தீர்க்க வாங்குகிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் விளம்பரம் நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டதும் அப்படிப்பட்ட கேள்விதான். "தம்பி, பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பச்சை மாத்திரை வாங்கிக் கொடுத்தால் ஏறிவிடுமா?" 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே இது ஒரு வீட்டுக் கேள்வி இல்லை.

அவருக்கான பதிலில் பாசிக்கு இடமே இல்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஏழு புட்டி சுருள்பாசிக்குச் சமம். விலை கிடையாது. பிள்ளைகள் அதை வாங்கி ஜன்னல் வழியாக எறிவதும் உண்டு, வயிற்றைப் புரட்டுகிறது என்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொன்னால் பெரும்பாலும் அந்தத் தொல்லை குறையும். மலம் கறுத்துப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ரத்தம் எந்த அளவு குறைவு, வயிற்றுப் பூச்சியா, மாதவிடாயில் போக்கு அதிகமா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போக வேண்டும். அதைச் செய்யாமல் புட்டி வாங்கினால் கையில் இருக்கும் காசும் போகும், மூன்று மாதமும் போகும்.

சரி, நோய் ஒன்றும் இல்லை, கீரை சாப்பிடுவது குறைந்துவிட்டது, அந்தக் குறையை நிரப்ப வேண்டும் என்பவருக்கு? அங்கேதான் உண்மையான போட்டி. ஒரு பக்கம் மூன்று கிராம் சுருள்பாசி. மறுபக்கம் ஆய்ந்து எடுத்த முருங்கைக்கீரை 50 கிராம், அதாவது ஒரு ஆளுக்கான பொரியல்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் புரதம் 6.4 கிராம், இரும்பு நாலரை மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதில் பாதி நம் பொரியல்: மூன்று கிராம் புரதம், இரண்டேகால் மில்லிகிராம் இரும்பு, 150 மில்லிகிராம் சுண்ணாம்பு. மூன்று கிராம் சுருள்பாசியில் இருப்பது ஒன்றே முக்கால் கிராம் புரதம், முக்கால் மில்லிகிராமைச் சற்றுத் தாண்டிய இரும்பு, நான்கு மில்லிகிராம்கூட எட்டாத சுண்ணாம்பு. மூன்றிலும் கீரைதான் முன்னால் நிற்கிறது. பொரியலோடு உள்ளே போகும் நார்ச்சத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரும்பு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. செடியிலிருந்தும் பாசியிலிருந்தும் வரும் இரும்பை உடல் அரைகுறையாகத்தான் உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ கொஞ்சம் கூடும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். நம் ஊரில் காலைச் சாப்பாடு டீ இல்லாமல் முடிவதில்லை. மாத்திரையையும் அந்த டீயோடு சேர்த்தே விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாசி ஜெயிக்கும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பீட்டா கரோட்டீன் அதில் நிறைய இருக்கிறது. உடல் அதை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 5000 குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு கிராம் சுருள்பாசி கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் 'ஏ' குறைவால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் தோன்றும் திட்டுகள் பெருமளவு குறைந்தன. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரியும் அவருடன் இருந்தவர்களும் செய்த வேலை அது. கிராமத்துப் பெண்கள் சிறு தொட்டிகளிலேயே வளர்த்து எடுக்கும்படி முறையை எளிமையாக்கியதும் அவர்கள்தான். ஒரு கிராம் பொடியை மிட்டாய் போலக் கொடுத்துவிடலாம். கீரையை மூன்று வயதுக் குழந்தையின் வாயில் வைத்து இறக்குவது எவ்வளவு பாடு என்பது அம்மாக்களுக்குத் தெரியும். அந்தச் சூழலில் பாசி நல்ல தேர்வு. அதே முருங்கைக்கீரையிலும் கரோட்டீன் கொட்டிக் கிடக்கிறது, இரண்டு சொட்டு எண்ணெயோடு வதக்கினால் உடலில் சேரும் என்பதும் உண்மை.

இன்னொரு விஷயம் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் முருங்கை மரத்தடியில் நிற்க முடியாது. பட்டையோடு பட்டையாகக் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். மேலே விழுந்தால் இரண்டு நாள் அரிப்பு. அந்த மாதங்களில் பறித்த கீரையை யாரும் விரும்பி வாங்குவதில்லை. புயல் அடித்தால் முதலில் முறிவதும் முருங்கைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியுமே வேரோடு சாய்ந்தன என்றால் முருங்கை எம்மாத்திரம்! ஆனால் முறிந்த கிளையை மண்ணில் ஊன்றிவைத்தால் சில மாதங்களில் மறுபடி கீரை பறிக்கலாம். நடுவில் இருக்கும் இரண்டு மாதத்துக்குச் சித்திரையில் நிழலில் உலர்த்திப் பொடித்துவைத்த முருங்கைப்பொடி போதும். ஒரு தேக்கரண்டிப் பொடி அடையிலோ சாம்பாரிலோ போனால் தெரியவே தெரியாது.

புரதத்துக்காகப் பாசி வாங்கும் இளைஞர்கள் ஒரு கூட்டம். உடற்பயிற்சிக் கூடங்களில் இதற்குத் தனி மரியாதை. அவர்களுக்குச் சொல்ல ஒரு வரி போதும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் தாங்கிய வேர்க்கடலை ரகங்கள் விளையும் மாவட்டம் இது, ஒரு கைப்பிடி வறுத்த கடலையில் ஏழு கிராம் புரதம். மூன்று கிராம் பாசியைப் போல நான்கு மடங்கு.

கடலோரத்தில் இருந்துகொண்டு மீனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'பாசியில் ஒமேகா-3 இருக்கிறது, மீன் வேண்டாம்' என்று சிலர் சொல்கிறார்கள். மீனுக்கு அந்தக் கொழுப்பு கிடைப்பது கடல் நுண்பாசிகளிலிருந்துதான், அதுவரை சரி. சுருள்பாசி அந்த வகை இல்லை. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்ற கொழுப்புக்கு அதை நம்ப முடியாது. கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்கும் கவலை மீனில் அது இருக்கிறது, கூடவே வைட்டமின் பி12 இருக்கிறது.

பி12 என்றதும் சற்று நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வரவைப்பது இந்த இடம்தான். சைவ உணவுக்காரர்களுக்குப் பி12 குறைவு அதிகம். அவர்களைக் குறிவைத்தே சுருள்பாசிப் புட்டிகளில் பி12 அளவைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி போலிப் பி12. உருவத்தில் ஒத்திருக்கும், மனித உடலில் வேலை செய்யாது. புதுச்சேரியில் பெரியவர் ஒருவர், பால், தயிர்கூட விட்டுவிட்டவர், கால் மரத்துப்போகிறது என்றபடியே இந்தப் பச்சை மாத்திரையை நம்பிக்கொண்டிருந்தால் நரம்பு பாதிப்பு மீளாத அளவுக்குப் போய்விடக்கூடும். அவருக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும், மலிவாகக் கிடைக்கும் பி12 மாத்திரையோ ஊசியோதான்.

குளோரெல்லா என்ற இன்னொரு புட்டியும் அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும், விலை கூடுதல். இது முழுப் பச்சை, ஒற்றைச் செல், அசல் நன்னீர்ப் பாசி. சுருள்பாசி அறிவியல் கணக்கில் நீலப்பச்சை பாக்டீரியா. அதற்குப் பிடித்ததும் நல்ல தண்ணீர் இல்லை, சோடா உப்பு கலந்த காரத் தண்ணீர். மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியிலும் ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பக்கத்திலும் மக்கள் அதை வடித்து அடையாகக் காயவைத்துத் தின்றது அதனால்தான். குளோரெல்லாவுக்கு இப்படிப்பட்ட சாப்பாட்டு வரலாறு கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகப் பசியை இதுவே தீர்க்கும் என்று விஞ்ஞானிகள் கனவு கண்டார்கள், கனவு செலவில் உடைந்தது.

உடைந்ததற்கு ஒரு காரணம் அதன் செல் சுவர். மனிதக் குடலால் அதை எளிதில் செரிக்க முடியாது. ஆகவே ஆலையில் சுவரை உடைத்த பின்பே மாத்திரையாக்க வேண்டும். 'செல் சுவர் உடைக்கப்பட்டது' என்று லேபிளில் இல்லாத குளோரெல்லாவை வாங்குவது வீண். சுருள்பாசிக்கு இப்படிக் கெட்டியான சுவர் இல்லை என்பதால் அது சுலபமாகச் செரிக்கிறது. 1970களின் இறுதியில் ஜப்பானில் குளோரெல்லா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் சிவந்து வீங்கியது. பச்சையம் சிதைந்து உண்டான பொருளே காரணம் என்று கண்டுபிடித்து, அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். சித்திரை வெயிலில் வண்டியில் அலைகிறவர் பழைய, ஈரம் பட்ட மாத்திரையைத் தின்னாமல் இருப்பது நல்லது. வைட்டமின் 'கே' நிறைய உள்ளதால், இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் குளோரெல்லாவைத் தொடவே கூடாது. என் கணக்கில் நம் ஊருக்குக் குளோரெல்லா அவசியமில்லாத செலவு.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கிளாமத் ஏரியிலிருந்து அள்ளிவரும் நீலப்பச்சைப் பாசியும் இணையத்தில் விற்கிறது. தொட்டியில் வளர்த்தது இல்லை, திறந்த ஏரியில் தானாக வளர்வது. அதே ஏரியில் ஈரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்கும் வேறு பாசியும் வளரும். ஓரிகன் மாநிலமே 1997இல் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்று நச்சுக்கு வரம்பு வைக்க வேண்டிவந்தது. வேண்டாம். நம் புதுச்சேரி ஊசுட்டேரியிலும் கோயில் குளங்களிலும் பச்சைப் பெயிண்டை ஊற்றியதுபோல் மிதக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுதான் அது. 'பாசி நல்லதாமே' என்று குளத்துப் பாசியை அள்ளி உலர்த்தும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம், மாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆகப் பாசிதான் வேண்டும் என்று முடிவானால் சுருள்பாசி ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதில் புட்டி மாத்திரையா, பண்ணையிலிருந்து நேராக வரும் உதிரியா? ஆரோவில்லில் சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது, புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். இந்தியா இதை இறக்குமதி செய்து சாப்பிட வேண்டிய நாடு இல்லை. பண்ணை உதிரி பெரும்பாலும் சேமியாத் துண்டுகள் போல இருக்கும். வடித்த பாசிக் கூழை நாழியில் பிழிந்து, அதிகச் சூடு படாமல் உலர்த்துவார்கள். மொறுமொறுவென்று உடையும், வாயில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு கருவாட்டுக்கும் ஈரப் புல்லுக்கும் நடுவிலான ஒரு வாசனை மெல்ல எழும். மோரில் கலக்கினால் நிறம் பார்த்தே பிள்ளைகள் ஓடுவார்கள். கம்பங்கூழில் போனால் அவ்வளவாகத் தெரியாது.

எனக்கு உதிரிதான் பிடிக்கும், காரணம் அதைச் சோதிக்க முடிகிறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவி, கலக்காமல் அரைமணி நேரம் விட்டால், துண்டுகளின் விளிம்பிலிருந்து நீல நிறம் நூல் நூலாக இறங்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அந்த நீலத்தில் ஒரு சிவப்புச் சாயல் மினுங்கும். பைகோசயனின் என்ற நிறமி அது. அதிகச் சூட்டில் உலர்த்தியதிலும் நாள்பட்டதிலும் நீலம் மங்கி, தண்ணீர் பழுப்பேறும். இது பதம் பார்க்கும் சோதனைதான். ஈயமோ ஆர்செனிக்கோ இருக்கிறதா என்பதை எந்த டம்ளரும் காட்டாது. பாசி தான் வளரும் தண்ணீரில் உள்ள உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் விற்பவரிடம் இரண்டு விஷயங்கள் கேட்க வேண்டும்: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கை. அறிக்கையில் கன உலோகங்களும், ஈரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சும் பார்த்திருக்க வேண்டும். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

மாடியில் நானே வளர்த்துக்கொள்கிறேனே என்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் இது நடக்காத காரியம் இல்லை. தார்ப்பாய்த் தொட்டியில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர், லிட்டருக்கு எட்டு முதல் பதினாறு கிராம் சமையல் சோடா, கொஞ்சம் உப்பு, தழைச்சத்துக்கும் இரும்புக்கும் உரம், விதைப் பாசி, நிழல்வலை, தினமும் பலமுறை கலக்கிவிடும் கை. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9க்கும் 10.5க்கும் இடையே நின்றால் பிற கிருமிகளும் பாசிகளும் அதிகம் தலையெடுக்காது. 30 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும், அது நம்மிடம் ஆண்டின் பெரும்பகுதி இலவசம். நன்றாகப் பராமரித்தால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு கிராம் உலர்பாசி எடுக்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு சதுர மீட்டர் போதும். வடிகட்டிய புதுப் பாசிக்கு வாசனையே இருக்காது, வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும், அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

தடை இரண்டு. ஒன்று தண்ணீர். கடலோரக் கிணற்று நீரின் கடினத்தன்மையால் சோடா சேர்த்தவுடன் சுண்ணாம்பு படிந்து வெண்மையாகக் கலங்கும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி நிலத்தடி நீர் மாசு பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் இருந்துவருகிறது, அந்தத் திசையில் இருப்பவர்கள் ஆழ்குழாய் நீரைப் பரிசோதிக்காமல் இதில் இறங்கவே கூடாது. மற்றொன்று வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியைத் தாக்கியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 20 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா? சாதாரண மழைக்கே காரத்தன்மை இறங்கி, வேண்டாத உயிரிகள் உள்ளே புகும். கூரை போடாத தொட்டியை ஐப்பசி தொடங்கும் முன்பே வடித்துவிட்டு, விதைப் பாசியை மட்டும் பெரிய புட்டிகளில் ஜன்னலோரம் காப்பாற்றிவைக்கலாம். நுண்ணோக்கியில் சுருளைப் பார்த்து உறுதிசெய்யும் ஆர்வமுள்ள ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது அருமையான பொழுதுபோக்கு. மாதச் செலவைக் குறைக்கும் வழி என்று நினைத்து இறங்குபவர்கள் முதல் தீபாவளியைத் தாண்டமாட்டார்கள்.

யார் வாங்கலாம் என்றால், என் பட்டியல் சின்னது. பல் போய், கீரையும் கடலையும் மெல்ல முடியாத முதியவர்கள். கப்பலிலோ விடுதியிலோ மாதக்கணக்கில் இருந்து, கீரையைக் கண்ணால் பார்க்காதவர்கள். எந்தக் கீரையையும் தொடாத குழந்தை உள்ள வீடு. இவர்களுக்குப் பண்ணை உதிரி, நாளுக்கு அரை கிராமில் தொடங்கி இரண்டு கிராம்வரை, சாப்பாட்டோடு. தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். புரதத்தின் ஒரு கூறை உடலால் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் வகை நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் பெண்ணுக்கு நான் சொன்னது நீல மாத்திரை, வாரம் மூன்று நாள் முருங்கைப் பொரியல், இரண்டு நாள் முட்டை, சாப்பிட்டு ஒரு மணி நேரம்வரை டீ கிடையாது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. டீயை நிறுத்துவதுதான் அந்த வீட்டில் பெரிய சண்டையாக இருக்கிறதாம்.